மச்சாளின் ஒரு ரின்னுக்கு எந்த பிஸ்கற்?

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்து நின்ற மச்சாள், திரும்பிப் போக நாலு கிழமை இருக்கும்போது குசினி வாசலில் வந்து நின்று கேட்டா.

"உம்மட பிஸ்கற்றிலை ஒரு ரின் செய்து தாரும். கடையிலை கிடைக்கிற ருசி வேண்டாம். பிள்ளையள் இந்த முறை வரேல்லை, வாயிலை வைச்ச உடனை இது ஊர்ச் சாமான் எண்டு தெரியோணும். ஒரு ரின்தான், சூட்கேசிலை இடமில்லை."

"என்ன சுவையிலை மச்சாள்?"

"அது உம்மட பாடு. பினாட்டைக் காட்டிப் பிள்ளையளைப் பயப்பிடுத்திப் போடாதையும், சரியோ."

அவ சொல்லும் முன்னரே என் மனதில் பினாட்டுத்தான், காய்ந்த பனம்பழக் களிதான், இருந்தது. சரி, அதையும் சேர்த்தே பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை ஓவனில் வனிலா பிஸ்கற்றும் கஜு பிஸ்கற்றும் சுட்டுப் பழகிய கைதான். யாழ்ப்பாணத்துச் சுவைகளை பிஸ்கற்றுக்குள் கொண்டுவருவது எப்போதாவது செய்து பார்க்கும் விளையாட்டாகவே இருந்தது. இந்த முறை மூன்று ஞாயிறு, ஆறு சுவை, ஒரு கொப்பி என்று உட்கார்ந்தேன்.

முதலில் ரின் என்ன பாடு படும் என்று யோசித்தேன். இங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு வானில் நானூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. பிறகு விமானம், மாறி ஏறும் இடத்தில் காத்திருப்பு, பெட்டியைத் தூக்கி எறிகிறவர்கள். போய்ச் சேர்ந்தபின் ஒரே நாளில் தின்று முடிக்கவும் மாட்டார்கள். மூன்று கிழமையாவது மொறுமொறுப்பு நிற்க வேண்டும், உடைந்து தூளாகக் கூடாது, எட்டு வயதும் பதினொரு வயதும் துப்பாமல் தின்ன வேண்டும். பின்னேரத் தேத்தண்ணிக்குச் சுட்டு அன்றைக்கே முடிக்கிற பிஸ்கற் என்றால் இதில் பாதியைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. சுவை அபூர்வமாக இருந்தால் போதும். அதனால் நான் கழித்ததை நீங்களும் கழிக்க வேண்டும் என்றில்லை.

ஓவன் சூடாக முன்னரே இரண்டு சுவை வெளியே போயின. நெத்தலிக் கருவாட்டுத் தூள் போட்டு ஒரு உப்பு பிஸ்கற் செய்ய எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் நல்லூர் கொடியேறி இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மரக்கறிதான். மாமா ஓவன் பக்கம் கையை நீட்டி, "அதுக்குள்ளை மச்சம் போச்செண்டா நான் இனி அதிலை சுட்ட ஒண்டும் தொடன்" என்றுவிட்டார். மற்றது எள்ளு. எள்ளுருண்டையின் மணம் பிஸ்கற்றில் அருமையாக ஏறும், பட்டரில் கொஞ்சத்தைக் குறைத்து நல்லெண்ணெய் விட்டால் இன்னும் திறம். ஆனால் கனடாவில் ஒவ்வாமைப் பட்டியலில் எள்ளும் உண்டு, அங்கே கச்சானை, அதாவது நிலக்கடலையை, பாடசாலைக்குக் கொண்டுவர விடாத இடங்களும் ஏராளம். பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் சாமான் அல்லவா, எள்ளையும் கச்சானையும் தூர வைத்தேன். வீட்டுக்குத்தான் என்றால் எள்ளை நான் முதல் இரண்டுக்குள் வைத்திருப்பேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே அடிமா: கோதுமை மா 300 கிராம், பட்டர் 200, சீனி 100, ஒரு சிட்டிகை உப்பு. மூன்று, இரண்டு, ஒன்று என்று ஞாபகம் வைக்கலாம், ஆனால் அது நிறைக் கணக்கு, கோப்பையால் அளந்தால் சரிவராது. இதில் முட்டையும் இல்லை, தண்ணீரும் இல்லை. சுவை மாறினால் அந்தச் சுவையால்தான் மாறியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

கொழுப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டர் முப்பது பாகை தாண்டியதும் உருகத் தொடங்கிவிடும். ஆவணி வெயிலில் எங்கள் குசினி பத்து மணிக்கே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். மாவைக் குழைத்ததும் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி வைக்காவிட்டால் பிஸ்கற் தட்டில் ஓடிப் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாஜரின் இவ்வளவு தொந்தரவு தராது, விலையும் குறைவு, மணம்தான் இல்லை. தேங்காயெண்ணெய் நல்லதே என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்டா. இங்கே நல்லதுதான். ஆனால் அது இருபத்துநாலு பாகைக்குக் கீழே உறையும். யாழ்ப்பாணத்தில் வாயில் கரைகிற பிஸ்கற், கனடாக் குளிரில் மெழுகுதிரி மாதிரி நாக்கில் ஒட்டும். ஊர்விட்டு ஊர் போகிற சாமானுக்கு அதை நான் எடுக்கவில்லை.

முதல் ஞாயிறு பினாட்டும் மாம்பழமும்.

பினாட்டு தெரியாதவர்களுக்கு: பனம்பழத்தின் களியைப் பிழிந்து பாயில் ஊற்றி, காய்ந்த படையின் மேல் இன்னொரு படையாக ஊற்றி ஊற்றிக் காய வைத்து, தோல் மாதிரி வருவதை வெட்டி எடுப்பது. செம்மஞ்சள் கறுத்துப்போன நிறம், இனிப்புக்குப் பின்னால் வருகிற ஒரு கசப்பு. அந்தக் கசப்புக்குக் காரணமான பொருளுக்கு ஃபிளாபெலிஃபெரின் என்று பெயர். பனையின் தாவரப் பெயரான பொரசஸ் ஃபிளாபெலிஃபர் என்பதிலிருந்து வந்த பெயர் அது. என் சின்ன வயதில் அம்மம்மா உறியில் கட்டித் தொங்கவிட்டிருந்த துண்டைத் திருடித் தின்ற ஞாபகம் எனக்கு. ஆகவே தராசை நேராகப் பிடித்தேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

பினாட்டைப் பொடியாக வெட்டி மாவோடு சேர்த்துச் சுட்டேன். ஓவன் சூட்டில் மிச்சமிருந்த ஈரமும் போய்த் துண்டுகள் கல்லாகிவிட்டன. மாமா ஒன்றைக் கடித்துவிட்டுக் கட்டுப்பல்லைக் கையால் பிடித்துக்கொண்டார். சரி, ஊறவைத்துப் பார்ப்போம் என்று சுடுநீரில் ஊறவிட்டுக் களியாக மசித்துச் சேர்த்தேன். நிறம் கண்ணைப் பறித்தது, மணம் வீடு முழுக்க. ஆனால் பினாட்டோடு அது குடித்த தண்ணீரும் மாவுக்குள் போய்விட்டதே. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் பசை இறுகியது, பிஸ்கற் பிஸ்கற்றாக இல்லாமல் தட்டையான பணியாரமாக வந்தது. ஒவ்வொரு சுவையிலும் கொஞ்சத்தைப் போத்தலில் அடைத்து வைத்திருந்தேன். நாலாம் நாள் இதன் போத்தலைத் திறந்தால் விரலால் அமுக்க அமுங்கியது. மகன் ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு, "நல்லா இருக்கு. இது என்ன, கேக்கா?" என்றான். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

மாம்பழத்தில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை. கறுத்தக்கொழும்பான் முடிகிற காலம், சந்தையில் கடைசிப் பழங்கள். பழச்சதையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். அதை அடுப்பில் காய்ச்சி வற்றவைத்தால் தண்ணீரோடு மணமும் ஆவியாகப் போய்விடுகிறது. மிஞ்சுவது சீனிப் பாகு மாதிரி ஒன்று. கறுத்தக்கொழும்பான் என்று நான் சொன்னால்தான் நம்புவார்கள். நல்ல மாம்பழத்தைக் கெடுக்கப் பல வழி உண்டு, இது அதில் செலவு கூடியது. வற்றிய களியை இரண்டு வெறும் பிஸ்கற்றுக்கு நடுவில் பூசி அந்த நிமிடமே தின்பது வேறு கதை. அதைப் பின்னேரத்துக்குச் செய்யலாம்.

அன்று இரவு கொப்பியில் எழுதியது ஒரே வரி: "தண்ணியோடை வாற சுவை வேண்டாம்." மற்ற இரண்டு ஞாயிறும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். ஒரு சுவை எவ்வளவு புதுமை என்பதைவிட, அது மாவுக்குள் எப்படி நுழைகிறது என்பதே பிஸ்கற்றில் பெரிய விஷயம். வறுத்து இடித்த சாமான் பட்டரோடு கூடிக்கொள்ளும். பழம், பாகு, களி எல்லாம் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு வரும். யோசித்துப் பார்த்தால் யாழ்ப்பாணக் குசினியே காயவைக்கிற குசினிதான். ஒடியல், வடகம், மோர்மிளகாய், வறுத்த மா, கறித்தூள். இந்தத் தட்டுகளை விட்டுவிட்டு நான் மாம்பழத்தைத் தேடிப் போயிருக்கிறேன்.

இரண்டாம் ஞாயிறு பனங்கட்டியும் ஒடியலும்.

பனங்கட்டி என்றவுடன் எல்லோரும் ஆம் என்பார்கள். குட்டானைப் பிரிக்கும்போது வருகிற அந்த ஓலை மணத்துக்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம். வேர்க்கொம்பை, அதுதான் சுக்கை, இடித்து அரித்து ஒரு மேசைக்கரண்டி, சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி 100 கிராம். இங்கே ஒரு பொறி உண்டு. பனங்கட்டியில் தும்பும் மண்ணும் இருந்தால் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிப்பதுதான் வழமை. பிஸ்கற்றுக்கு அப்படிச் செய்தால் பினாட்டுக்கு நடந்ததே நடக்கும். கத்தியால் சுரண்டி, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, அரிதட்டில் அரித்துத்தான் எடுத்தேன். கையில் ஒட்டி ஒட்டி, அரைவாசி விரலிலேயே போனது.

சூடும் குறைய வேண்டும். சீனி பிஸ்கற்றை 170 பாகையில் சுடும் இடத்தில் இதை 155இல் வைத்தேன். கூட வைத்தால் உள்ளே வேகும் முன்னர் அடி கறுத்துக் கசக்கும். வந்த பிஸ்கற் முதல் நாள் ஒரு ராசா. கரும் மண்ணிறம், இஞ்சியின் காரம் தொண்டையில், பனங்கட்டியின் மணம் மூக்கில். அன்ரி நாலு எடுத்துக்கொண்டு போனா. நாலாம் நாள் ராசா தளர்ந்துவிட்டார். பனங்கட்டி காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாதி. வெள்ளைச் சீனி அவ்வளவு இழுக்காது. இங்கே வெயில் எவ்வளவு அடித்தாலும் சோளகக் காற்று கடலிலிருந்துதான் வருகிறது. பத்தாம் நாள் வளைத்தால் வளைந்தது.

சீனி 60, பனங்கட்டி 40 என்று பிரித்தும் பார்த்தேன். அது ஒரு கிழமை நின்றது. வீட்டில் சுட்டு வீட்டில் முடிக்கிறவர்களுக்கு இந்தக் கலவையைத்தான் சொல்வேன், ஆறு சுவையிலும் செய்ய இலகுவானதும் இதுவே. சொத்திப் பல்லுள்ள குழந்தைக்கும் மாமாவுக்கும் தளர்ந்த பிறகும் பிடித்திருந்தது. ரின்னுக்கு மட்டும் சரிவரவில்லை.

ஒடியலுக்கு வருவோம். பச்சைப் பனங்கிழங்கைக் கீறிக் காயவைத்தால் ஒடியல், அவித்துவிட்டுக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்குப் போகிற மா முதலாவது, சும்மா கடித்துத் தின்பது இரண்டாவது. கூழ் காய்ச்சுகிற வீடுகளில் ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்து அடைய விட்டு மேல் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள், கசப்புப் போகட்டும் என்று. அந்த வேலையைத் தவிர்த்து மாவை அப்படியே பிஸ்கற்றில் போடக் கூடாது. கசப்பை நீக்காத பச்சை மாவில் உடம்புக்கு ஒத்துவராத சாமான் இருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நான் கற்பகம் பனைப்பொருள் கடையில் வாங்கிய மாவையும் இரண்டு தரம் கழுவி அடைய விட்டு, வேட்டித் துணியில் வடித்து வெயிலில் காயவைத்தேன். ஒரு நாள் அதிலேயே போனது. பனை அபிவிருத்திச் சபை தொடங்கியது 1978இல், கைதடியில் பனைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனாலும் அந்த மாவை பிஸ்கற்றாக்கும் வேலையை நாங்கள் வீட்டில் ஒவ்வொருவராகத்தான் பழகவேண்டியிருக்கிறது.

ஒடியல் மாவில் கோதுமையின் பசை கிடையாது. பாதிக்குப் பாதி போட்டதும் தட்டிலிருந்து எடுக்கும்போதே பிஸ்கற் மணலாகக் கொட்டியது. கோதுமை 240, ஒடியல் 60 என்று இறங்கியபிறகுதான் உருவம் நின்றது. சுவை? எனக்குப் பிடித்தது. மண் நனைந்த வாசம், மெல்லிய கசப்பு, வறுத்த தேங்காய்ப்பூ சேர்த்தால் ஒரு நிறைவு. சீனியைப் பாதியாகக் குறைத்து உப்பைக் கூட்டினால் வெறும் தேத்தண்ணிக்குத் தோதான சாமான். மகன் ஒரு கடி கடித்து மற்றப் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் வளரும் பிள்ளையே இப்படி என்றால் ஸ்காபரோவில் வளர்ந்தது என்ன செய்யும்? வேப்பம்பூவை நெய்யில் பொரித்து உப்பு பிஸ்கற்றில் போட்டுப் பார்க்கும் எண்ணத்தையும் அந்தப் பாதித் துண்டைப் பார்த்தபடியே கைவிட்டேன்.

மூன்றாம் ஞாயிறுக்கு முன்னர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். அம்மா சிரித்தா. மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் அம்மா தாச்சிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தகரத் தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணல் போட்டு பிஸ்கற் சுட்டவ. பட்டருக்கு எங்கே போவது? "நாங்கள் அதை விசுக்கோத்து எண்டுதான் சொல்லுறது. திரும்ப ஒருக்காச் சூடு காட்டாட்டி அது நிக்காது பிள்ளை" என்றா.

விசுக்கோத்து, குசினி, தாச்சி, பாண். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் விட்டுவிட்டுப் போன போர்த்துக்கேயரின் சொற்கள் இன்னும் எங்கள் அடுப்படியில்தான் இருக்கின்றன. அதில் விசுக்கோத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு லத்தீன் வரைக்கும் போனால் "இரண்டு முறை வெந்தது" என்று வரும். கப்பலில் மாதக்கணக்காகக் கெடாமல் கிடக்க இரண்டாம் தரம் காயவைத்த ரொட்டி. பெயரிலேயே செய்முறை இருந்திருக்கிறது, நான்தான் ஒருமுறை சுட்டுவிட்டுக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே மூன்றாம் ஞாயிறு இரண்டு சுவை, இரண்டு சூடு.

கறித்தூள் முதலில். எங்கள் தூள் கடைத்தூள் மாதிரி இல்லை. செத்தல் மிளகாய், கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து இடித்தது. ஏற்கெனவே வறுபட்ட சாமான் என்பதால் ஓவனில் இன்னும் கருகினால் கசக்கும், எனவே 160 பாகை. சீனியை 30 கிராமுக்குக் குறைத்து, உப்பு ஒரு தேக்கரண்டி, தூள் இரண்டு தேக்கரண்டி, எண்ணெயில்லாமல் வறுத்து நொறுக்கிய கறிவேப்பிலை ஒரு பிடி.

இதைத் தின்னும்போது நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடித்தவுடன் பட்டர்தான். நாக்கு இது சும்மா உப்பு பிஸ்கற் என்று நம்பிவிடும். மென்று விழுங்குகிற நேரத்தில் கொத்தமல்லியும் பெருஞ்சீரகமும் மூக்குக்கு ஏறும். விழுங்கி முடித்து, சரி இவ்வளவுதானே என்று அடுத்ததுக்குக் கையை நீட்டும்போது தொண்டையில் உறைப்பு வந்து கையைப் பிடிக்கும். மிளகாயின் காரம் கொழுப்பில் கரைகிற சாமான். பட்டர் அதைப் பொத்திப் பிடித்துவிட்டுப் பிறகுதான் விடுகிறது. மாமா ஆறு தின்றார். இரண்டாம் நாள் உறைப்பு இன்னும் கூடியிருந்தது. பத்தாம் நாள் போத்தலைத் திறந்தபோது 'டக்' என்று முறிந்தது. சீனி குறைவு, ஈரமில்லை, ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிள்ளைகள்தான் குறை. மச்சாளிடம் ஒன்றைக் கொடுத்தேன். தின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டா. "எனக்கு இது போதும் மச்சாள். ஆனா சின்னவன் கெச்சப்பே உறைக்குதெண்டு அழுறவன்." தூளை அரைக் கரண்டியாகக் குறைத்தால் தின்பார்கள்தான். அப்போது அது யாழ்ப்பாணத் தூள் பிஸ்கற்றாக இராது, மஞ்சள் நிற உப்பு பிஸ்கற்றாகத்தான் இருக்கும்.

கடைசி, வறுத்த பயறு. உண்மையில் இதை நான் பட்டியலில் ஆறாவதாக ஒப்புக்குத்தான் சேர்த்திருந்தேன். வறுத்த பயத்தம் மாவை உருட்டி, கரைத்த மாக்கூட்டில் தோய்த்துப் பொரிக்கிற பயத்தம் பணியாரம் தின்னாத வீடு எது, இதில் என்ன புதுமை என்று. பயற்றை மணம் வரும்வரை வறுத்து, உடைத்து, கோதைச் சுளகில் கொழித்து, அரைத்து அரிக்க வேண்டும். வறுக்கும்போது பச்சை நிறம் மங்கி மண்ணிறம் தட்டுகிற இடத்தில் இறக்காவிட்டால் பச்சை வாடை பிஸ்கற்றிலும் தொடரும். நான் முதல் தரம் அவசரப்பட்டு இறக்கிவிட்டு அந்த மாவைக் கஞ்சிக்குப் போட்டேன்.

பயத்தம் மா 100, கோதுமை மா 200. பட்டர் 150, நெய் 50. சீனி 80 கிராமோடு மணத்துக்கு மட்டும் சுரண்டிய பனங்கட்டி 20. இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி நிறைய, ஏலக்காய் ஐந்து, நற்சீரகம் அரைத் தேக்கரண்டி. மிளகைத் தூளாக்கக் கூடாது, பல்லில் அகப்படுகிற அளவுக்கு உடைந்தால் போதும். ஒடியலுக்கு வந்த பிரச்சினையே இதற்கும் வந்தது. பயற்றிலும் பசை இல்லை, கையில் எடுத்தால் உதிர்ந்தது. மேசையிலிருந்து ஒரு ரின்னைத் தரையில் விழுத்திப் பார்த்தேன், பெட்டி எறிகிறவர்களை நினைத்து. பன்னிரண்டில் ஏழு உடைந்தன.

இங்கேதான் என் கொப்பி வரியை நானே மீறினேன். இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுப் பிசைந்தேன். தண்ணீர் பட்டதும் கோதுமையின் பசை கொஞ்சம் எழும்பி மாவைக் கட்டிப் பிடித்தது. விட்ட ஈரத்தை இரண்டாம் சூடு எடுத்துவிடும் என்று ஒரு துணிவு. ஒரு ரூபாய்க் குத்தியைவிடச் சற்றுப் பெரிதாக, சுண்டுவிரல் மொத்தத்தில் தட்டி, 170 பாகையில் பதினைந்து நிமிடம். வெளியே எடுத்து நன்றாக ஆறவிட்டு, திரும்ப 115இல் இருபது நிமிடம். பிறகு மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம். இளஞ்சூட்டோடு ரின்னில் போட்டு மூடினால் மூடியின் உட்பக்கம் வியர்த்து எல்லா வேலையையும் கெடுத்துவிடும். இது எந்தச் சுவைக்கும் பொருந்தும்.

இரண்டாம் தரம் விழுத்தியதில் பன்னிரண்டில் ஒன்று உடைந்தது. அதை மகன் எடுத்துத் தின்றான். "இது பயத்தம் உருண்டை, ஆனா சப்பையாப் போனது" என்றான். இன்னொன்று எடுத்தான். மிளகு அகப்பட்டதும் ஒரு கணம் நின்று, பிறகு மென்றான். மாமாவுக்குக் கறித்தூள்தான் இன்னும் முதலாவது. அன்ரி பனங்கட்டிக் கட்சி. போத்தலில் வைத்ததை நாலாம் நாளும் பத்தாம் நாளும் திறந்தேன், இரண்டு முறையும் மொறுமொறுப்பு அப்படியே.

மச்சாளுக்கு நாலு சுவையை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன், பெயர் சொல்லாமல். பயற்றில் அவ நின்றுவிட்டா. "அம்மா வருசத்துக்குச் சுடுறவ, வெள்ளையாக் கூட்டுப் போட்டு," என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. அவவின் அம்மா செத்து ஏழு வருடம்.

ஆக ரின்னுக்குப் பயறு. இதே கேள்வி உங்களுக்கு வந்தால் இப்படிப் பாருங்கள். சாப்பிடப்போவது பெரியவர்கள், நாள் பிடிக்க வேண்டும் என்றால் கறித்தூள், கண்ணை மூடிக்கொண்டு. பயற்றைவிட அரைவாசி வேலை, இரண்டாம் சூடுகூடத் தேவையில்லை. ஒரு கிழமைக்குள் முடியும் என்றால் சீனியும் பனங்கட்டியும் கலந்த வேர்க்கொம்பு. ஒடியல், அதன் ருசி தெரிந்தவர்களுக்கு மட்டும். பினாட்டைச் சும்மா கையில் எடுத்துத் தின்னுங்கள், அதற்கு பிஸ்கற்றின் துணை வேண்டியதில்லை. விற்கும் எண்ணம் உள்ளவர்கள் பயற்றில் போகும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வறுத்துக் கொழித்து அரிக்கப் பாதி நாள் போகும், அதற்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

தீர்த்தம் முடிந்து இரண்டாம் நாள் இரவு வான் வந்தது. ரின்னின் அடியில் எண்ணெய்த்தாள், ஒவ்வொரு படைக்கும் நடுவில் தாள், மூடியைச் சுற்றி ஒட்டுநாடா. மச்சாள் அதைச் சூட்கேசில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டா. வான் வெளிக்கிட்டு இரண்டு மணி நேரம் இருக்கும், முறிகண்டிப் பிள்ளையாரடியிலிருந்து அழைப்பு.

"மச்சாள், கச்சான் வாங்க எண்டுதான் இறங்கினது. ரின்னைத் திறந்து போட்டன். மேல் படை முடிஞ்சுது. ட்ரைவர் தம்பியும் நாலு எடுத்தவர்."

மூடியை இறுக்கி, நாடாவைத் திரும்பச் சுற்றச் சொன்னேன். வழிக்கென்று ஒரு பையில் கறித்தூள் பிஸ்கற்றைத் தனியாகக் கட்டிக் கொடுத்திருக்க வேணும், ஆறு போத்தல் திறந்து பார்த்தவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை.